வாயில்லாச் சீவனின் வாய்

பேச்சற்ற உயிர்களை 'வாயில்லாச் சீவன்' என்று அழைப்பது நம் வழக்கம். இரக்கத்தில் பிறந்த தொடர் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பூனையோடோ நாயோடோ ஒரே கூரையின்கீழ் நான்கு நாள் வாழ்ந்தவர்கள் இத்தொடரைக் கேட்டால் சற்றே சிரித்துக்கொள்வார்கள். அவற்றுக்கு இருப்பதெல்லாம் வாய்தான். குட்டியைத் தூக்குவது வாயால். பந்தைப் பிடிப்பது வாயால். வீட்டுக்குள் புதிதாக வந்த பொருள் இன்னதென்று அறிந்துகொள்வதும் பெரும்பாலும் வாயால்தான். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும்போது, உடம்பால் உற்றறிவதற்கு அடுத்த படியில் நாவால் அறிவதை வைக்கிறார். மூக்கும் கண்ணும் செவியும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். அதன் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கியது வகுப்பறையில் அன்று. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பஞ்சு. தமிழ் படித்த வீடாயிற்றே என்று முதலில் 'வெருகு' என்றுதான் பெயரிட்டோம். வெருகு என்பது காட்டுப் பூனைக்குரிய பெயர். அரிசிப் பானை மூடியின்மேல் பகலெல்லாம் உறங்கும் உயிருக்கு அது பொருந்தவில்லை. ஒரு வாரத்தில் பஞ்சு ஆகிவிட்டது. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குச் சாத்தியிருந்த மல்லிகைச் சரம் வாடிப்போய் மறுநாள் சன்னல் விளிம்பில் கிடந்தது. செடிக்கு அடியில் போடலாம் என்று எடுத்து வைத்த சரம். மாலையில் பார்த்தபோது பூவெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தன. நூலைக் காணவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்று கூட்டிப் பெருக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனோம். அந்த ஒரு கணத்தை இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது. பூ இருக்கிறது, நூல் இல்லை என்றால் நூல் எங்கே போனது என்று கேட்கும் அளவுக்குக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறன்று பஞ்சு இரண்டு முறை வாந்தி எடுத்தது. திங்களன்று உண்ணவில்லை, கட்டிலுக்கு அடியில் மூலையோரமாகப் போய்ச் சுருண்டுகொண்டது. அழைத்துப்போன முதல் மருத்துவர், வயிற்றுக் கோளாறு, ஊசி போட்டால் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார். செவ்வாயன்று உடம்பு துவண்டுவிட்டது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் செய்தது ஒரே ஒரு காரியம்தான். வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் நாக்கை மேலே தள்ளி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். நாக்கின் வேரைச் சுற்றி வெள்ளை நூல் ஒன்று சதையில் அழுந்திக் கிடந்தது.

அப்போதுதான் பலவற்றைக் கற்றோம். பூனையின் நாக்கில் மேற்புறமெங்கும் முள் போன்ற நுண்ணிய அமைப்புகள் உண்டு. அவை அனைத்தும் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பவை. நம்மை நக்கும்போது அரம்போல் உரசுவது அவைதான். இரையின் எலும்பிலிருந்து சதையைச் சுரண்டவும், தன் மயிரைக் கோதிக்கொள்ளவும் ஏற்ற அமைப்பு. ஆனால் ஒரு நூல் அந்த முட்களில் சிக்கினால் வெளியே துப்புவது மிகக் கடினம். உள்ளே உள்ளேதான் போகும். விரும்பித் தின்றது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் விளையாடத் தொடங்கிய ஒன்றை நிறுத்த முடியாமல் விழுங்கிக்கொண்டே போகிறது.

"நூல் நுனி தெரியுதே, மெல்ல இழுத்துட்டா வந்துடாதா?" என்று கேட்டார் எங்கள் அத்தை. உடன் வந்திருந்த எல்லோர் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. மருத்துவர் பதறிப்போய்த் தடுத்தார். நூலின் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டால், குடல் தன் இயல்பான அசைவால் அதை முன்னே தள்ளப் பார்க்கும். நூலோ நகராது. ஆகவே குடல்தான் நூலின்மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிக் கொசுவிக்கொள்கிறதோ அப்படி. அந்த மடிப்புகளின் உட்புறத்தில் நூல் இறுகி, அசைவு தோறும் அறுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து இழுத்தால் அறுபடப் போவது குடல். வாயில் தொங்கினாலும் சரி, பின்வழியே தொங்கினாலும் சரி, இழுக்கக் கூடாது என்பதே விதி. அன்றிரவே வயிற்றைத் திறந்தார்கள். குடலை மூன்று இடங்களில் வெட்டித்தான் நூலை எடுக்க முடிந்தது. பஞ்சு பிழைத்தது. இன்னும் ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்காது என்றார்கள்.

இதைப் பிறரிடம் சொன்னபோது கிடைத்த மறுமொழிகள்தாம் எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டின. "மிருகத்துக்குத் தெரியாதா எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாதுன்னு?" என்று கேட்டவர்களே மிகுதி. படித்தவர்கள், பேராசிரியர்கள், வீட்டில் நாய் வளர்ப்பவர்கள். இயற்கை அறிவு என்ற ஒன்றின்மேல் நமக்குள்ள இந்த நம்பிக்கை அழகானது, ஆபத்தானதும்கூட. விலங்கின் அறிவு அது வளர்ந்த உலகத்துக்கு உரியது. பாம்பைக் கண்டு ஒதுங்கும் பூனைக்கு நைலான் இழையைப் பற்றி முன்னோர் சொல்லிக்கொடுத்த பாடம் எதுவும் இல்லை. எலிவாலைப் போல நெளிகின்ற ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அதன் குருதியில் இருக்கிறது. அந்த அறிவு பொய்க்கவில்லை. நாம் கீழே போட்டு வைத்திருக்கும் பொருள்தான் எலியின் வேடம் புனைந்திருக்கிறது.

நாயின் கதை வேறு. பூனை விளையாட்டால் விழுங்குகிறது என்றால் நாய் அவசரத்தால் விழுங்குகிறது. கூட்டமாக இரையுண்ட இனத்தின் வழிவந்தது. நின்று மெல்பவனுக்கு மிச்சமிருக்காது என்பது அதன் பழைய பாடம். "கொடு" என்று நாம் கையை நீட்டிக்கொண்டு ஓடினால் இன்னும் விரைவாக விழுங்கும். கோடையில் நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது மாங்கொட்டை. சாறு ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பாக, மணமாக இருக்கும் அந்தக் கொட்டை, பெரிய நாயின் தொண்டையில் எளிதாக இறங்கிவிடும். இரைப்பையில் சில நாட்கள், சில வாரங்கள்கூடச் சும்மா கிடக்கும். ஒருநாள் குடலுக்குள் நகர்ந்து அங்கே மாட்டிக்கொள்ளும்போது, மாம்பழம் தின்றதையே வீடு மறந்திருக்கும். மருத்துவர் "என்ன தின்றது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று உளமாரச் சொல்வோம். ஊசி, நாணயம், எலும்பு ஆகியவற்றை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். மாங்கொட்டை, துணி, ரப்பர், பிளாஸ்டிக் போன்றவை அதில் தெளிவாகத் தெரியாமல் போவதுண்டு. ஸ்கேன் தேவைப்படும். ஆகையால் வீட்டிலிருந்து எது காணாமல் போயிருக்கிறது என்ற தகவல் மருத்துவருக்கு எந்தக் கருவியைக் காட்டிலும் உதவும். ஒற்றைக் காலுறை, குழந்தையின் பொம்மைச் சக்கரம், ரிமோட்டின் பின்மூடி திறந்து கிடந்ததா, உள்ளே பொத்தான் போன்ற பேட்டரி இருக்கிறதா என்பவையெல்லாம் அற்பச் செய்திகள் அல்ல. அந்தச் சிறு பேட்டரி உணவுக் குழாயில் தங்கினால் சில மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்கிவிடும்.

பொருள்கள் மட்டுமல்ல, நம் சமையலறையும் இப்பட்டியலில் உண்டு. சாக்லேட் நாய்க்கு ஆகாது என்பது இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. சாம்பார் சோறு போட்டு வளர்க்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. திராட்சையும் அதன் உலர்ந்த வடிவமும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வந்தார்கள். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 2021இல் முன்வைக்கப்பட்டது. 2022இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை அதே அமிலம் நிறைந்த புளியை உண்ட நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவு செய்தது. படித்ததும் திடுக்கிட்டோம். சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் திராட்சை இருக்கட்டும். புளியில்லாத தமிழ்ச் சமையலறை எங்கே இருக்கிறது? கோது எடுக்க முற்றத்தில் பரப்பி வைக்கும் புளிக்கு அருகில் நாய் படுத்திருப்பது நம் ஊர்களில் எத்தனை இயல்பான காட்சி!

விழுங்கிய பின் நாம் செய்யும் வைத்தியங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்பைக் கரைத்துப் புகட்டுவது பலருடைய முதல் வேலை. அந்த உப்பே நஞ்சாகி உயிரை வாங்கிவிடும். தொண்டையில் மீன்முள் மாட்டினால் மனிதர் சோற்று உருண்டையை விழுங்குவது போல, நாய்க்கும் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்கள், விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். கூர்மையான பொருளோ அரிக்கும் பொருளோ உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைப்பதும் தவறு; இறங்கும்போது கிழித்தது ஏறும்போதும் கிழிக்கும். எந்நிலையில் வாந்தி எடுக்க வைக்கலாம், எந்நிலையில் கூடாது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தொலைபேசியிலாவது கேட்டுவிடுவது நல்லது. நள்ளிரவில் இதற்காக ஒருவரை எழுப்பலாமா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. திங்களன்று இரவு அந்தத் தயக்கத்திலேயே கழிந்தது. இனி எழுப்புவோம்.

இத்தனையும் வீட்டுக்குள் நடந்தது. இதோடு முடித்திருந்தால் இது பூனை வளர்ப்போருக்கான அறிவுரையாக நின்றிருக்கும். ஆனால் பஞ்சு தேறி வந்த பிறகு நாங்கள் செய்த ஒரு காரியத்தை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத முடியாது.

வீட்டில் நூல் வேட்டை தொடங்கினோம். தையல் பெட்டிக்குப் பூட்டு வந்தது. தலைமுடிக் கட்டும் ரப்பர் வளையங்கள், பார்சல் கட்டிவந்த சணல், பட்டத்துக்கு வைத்திருந்த நூற்கண்டு, பூச்சரத்தின் நூல்கள் அனைத்தையும் தேடித் தேடிப் பொறுக்கினோம். எங்கள் மகள், "அம்மா தரையில் தவழ ஆரம்பித்துவிட்டாள்" என்று கேலி செய்தாள். பொறுக்கியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டோம். அதே பையில் அன்று மீந்த சோறும் வாழைப்பழத் தோலும் சேர்ந்தன. பூனை பிரித்துவிடக் கூடாதே என்று இறுக்கமாக இரண்டு முடிச்சுப் போட்டு, தெருமுனைத் தொட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினோம். சற்று நேரம் கழித்து வாசலில் நின்று பார்த்தபோது, எங்கள் தெருவில் வழக்கமாகத் திரியும் செவலைப் பசு அந்தப் பையை முடிச்சோடு வாயில் இழுத்துக்கொண்டிருந்தது. ஓடினோம். பையின் பாதி வெளியே வந்தது. மீதியும் உள்ளே இருந்தவையும் போய்விட்டன.

மாட்டுக்குப் பையை அவிழ்க்கக் கை கிடையாது. இரண்டு முடிச்சுப் போட்டவர்கள் நாங்கள். உள்ளே சோறு இருக்கிறது என்று மூக்கு சொல்கிறது. மூக்கு சொன்னதில் பொய்யில்லை. ஆகவே பையோடு விழுங்குகிறது. நன்னூலார் தலைமாணாக்கருக்கு அன்னத்தோடு ஆவையும் உவமை சொன்னார். புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டுப் பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவைப் போல, ஆசிரியரிடம் நிறையக் கேட்டுக்கொண்டு பின்னர்ச் சிந்திப்பவன் நல்ல மாணாக்கன் என்று அதற்கு விளக்கம் சொல்லுவோம். அந்த உவமையின் முதற்பாதியில்தான் இன்று பசுவின் உயிர் ஊசலாடுகிறது. முதலில் விழுங்கு, பிறகு மெல் என்பது அதன் உடலமைப்பு. புல் மேலெழுந்து வரும். மெல்லப்பட்டு மீண்டும் இறங்கும். பை வராது. முதல் அறையிலேயே கிடந்து, அடுத்த பையோடு பின்னிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் திரளும். ஆணியும் கம்பியும் தேனடை போன்ற இரண்டாம் அறையில் போய் விழும். அந்த அறைக்கு முன்னால் உதரவிதானம், அதற்கு அப்பால் இதயம். அறை சுருங்கும்போது கம்பி குத்திக்கொண்டு முன்னேறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மேலை நாட்டுப் பண்ணைகளில் இதற்காகவே விரல் பருமனுள்ள காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்கக் கொடுப்பதுண்டு. வரும் இரும்பை அது அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு காந்தம் இல்லை.

2019 அக்டோபரில் சென்னையில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நடந்த அறுவை அது. அந்த எண்ணை மறுபடியும் படித்துப் பாருங்கள். எங்கள் மகளின் எடை அதைவிடக் குறைவு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை வந்தது. அந்த அறுவை நடந்தபோது தடைக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது. தடை கடையை மூடலாம். வயிற்றைக் காலி செய்யாது. 2021 இறுதியில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 சூலை முதல் நாடு முழுமைக்குமான தடையும் வந்தது. நல்ல முயற்சிகளே. ஆயினும் எங்கள் தெருவுக்குள் பை வந்துகொண்டுதான் இருக்கிறது. கறந்தவுடன் மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்களைப் பழிப்பது எளிது; தீவனம் விற்கும் விலையில் நால்வர் வீட்டுக் கழிவை நம்பி மாடு வளர்ப்பவருடைய கணக்கும் புரியாமல் இல்லை. அவர்கள்மேல் தண்டம் விதிக்கும் நகராட்சியையும் பழிக்க முடியாது. எங்களுக்கு உறுத்துவது வேறு. மீந்த சோற்றைப் பையில் கட்டி வாசலோரம் வைத்தால் மாடு தின்னும், புண்ணியம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. புண்ணியம் தேடிக்கொண்டே ஒரு பசுவுக்கு எத்தனை பைகளை ஊட்டியிருக்கிறோம் என்று யார் எண்ணிச் சொல்லுவது?

ஒரு பூனைக்காக நான்கு இரவு உறங்காத வீடு, ஐந்தாம் வாரத்தில் ஒரு பசுவுக்கு நூலையும் பையையும் சேர்த்தே ஊட்டியது. பூனை 'நம்முடையது', மாடு 'தெருவுடையது' என்ற பிரிவுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறோம். கவலையிலும் பட்டா நிலம், புறம்போக்கு நிலம் என்று இருக்கிறது போலும்.

அந்தப் பசு இன்றுவரை நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. உரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். "விடுங்க டீச்சரம்மா, அது எத்தனையோ தின்னிருக்கு" என்றார். கோபப்பட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மேய்ச்சலைக் குறைத்து, அடிக்கடி வயிறு உப்பி, பால் சுருங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தோம். செலவில் பாதி எங்களுடையது என்றும் சொன்னோம்.

பூக்கார அம்மாவிடம், முன்போல வாழைநாரில் தொடுத்துத் தரக்கூடாதா என்று கேட்டோம். "நாரை நனைக்கணும், கிழிக்கணும், யாரு உக்காந்து செய்யறது? நூலுன்னா கை ஓடுது" என்றார். ஞாயந்தான். இப்போது உதிரிப்பூ வாங்குகிறோம். கொல்லை வாழையின் நாரில் அத்தை தொடுக்கிறார். நாரும் பூனைக்கு ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருப்பதால், தொடுத்து முடியும்வரை பஞ்சு அடுத்த அறையில் அடைபட்டுக் கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கும். வாடிய பூவும் நாரும், மீந்த சோறும், காய்த்தோலும் பழைய இரும்பு வாளி ஒன்றில் மாலை ஆறு மணிக்கு வாசலுக்குப் போகின்றன. செவலைப் பசு நேரம் தவறாமல் வந்து நிற்கிறது. வாளிக்குள் முகத்தை விடுமுன் ஒருமுறை தெருமுனைத் தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.